புழுவை நம்பிய ஜெசிந்தா ஆன்ட்டி

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது, எங்கள் பர் துபாய் கட்டடத்தின் வாட்ச்மேன் லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிவிட்டு ஓடும் என்னைத் துரத்தித்தான் அவருக்குப் பழக்கம். "சீக்கிரம் மேல போம்மா. ஜெசிந்தா மேடம் டியூட்டியிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துட்டாங்க" என்றார். அன்று எங்கள் மாடிப் பொத்தானை மட்டும் அமுக்கினேன்.

எங்கள் கட்டடத்தாருக்கும் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தாருக்கும் ஆன்ட்டியைத் தெரியும். குளச்சல்காரர், இத்தாலியில் படித்தவர். பழைய ஓவியம் அசலா போலியா என்று சொல்வதுதான் அவர் வேலை. எங்கள் ஃப்ளாட்டில் ஓர் அறை அவருடையது; சமையலறை பொது.

ஒருமுறை, மாதா படம் ஒன்றைத் தேநீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, "ஐந்நூறு வருஷப் பழசு, விலை பேசலாமா?" என்று நீட்டினேன். லென்ஸை எடுத்து முறைப்படி பரிசோதித்தார். "டீ பேக்கோட நூல்கூட பதிஞ்சிருக்கு. பொய் சொல்லணும்னா கொஞ்சம் உழைக்கணும் மக்ளே" என்றார்.

நன்றாக உழைத்த பொய் ஒன்று சென்ற ஆண்டு அவர் மேசைக்கு வந்தது. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியம் என்று சொல்லி அவருடைய கேலரி முதலாளி வாங்கியது. மரப்பலகையில் வரைந்த மாதா. ஒரு நிபுணர் அசல் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். விற்க, ஆன்ட்டியின் கையெழுத்துதான் பாக்கி. ஆன்ட்டிக்கோ மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட், இங்கே பலருக்கும் போல, முதலாளியின் பெட்டகத்தில். அசல் என்று கையெழுத்துப் போட்டால் லீவு, இல்லையென்றால் இல்லை.

"பாஸ்கிட்ட இருக்கறதாலதான் ஆன்ட்டி அதுக்குப் பேரு பாஸ்போர்ட்" என்றேன். அவர் சிரித்தார். அம்மா என்னை முறைத்துவிட்டு, "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுக் கிளம்புங்க. அந்தப் படம் வாயைத் திறந்தா சொல்லப்போவுது?" என்றாள்.

"புழு சொல்லிட்டுதே அக்கா" என்றார் ஆன்ட்டி. "வரைஞ்ச படத்தைப் புழு தின்னா, ஓட்டைக்குள்ள வெறும் மரம்தான் தெரியணும். இதுல ஓட்டைக்குள்ள பெயிண்ட் இறங்கியிருக்கு. புழு தின்னு முடிச்ச பழைய பலகையில பிறகு எவனோ வரைஞ்சிருக்கான்."

"நான் வேணா கையெழுத்துப் போடறேன். ரிப்போர்ட் கார்டுல அப்பாவோட கையெழுத்தைப் போட்டுப் பழகின கை" என்றேன்.

"போலிப் படத்துக்குப் போலிக் கையெழுத்து. பொருத்தமாத்தான் இருக்கு" என்றவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

கல்யாணத்தன்று பட்டுப்புடவை கட்டி, தலையில் முக்காடிட்டு, எங்கள் சமையலறையில் போனைக் காதில் வைத்து நின்றார். அந்தப் பக்கம் குளச்சல் கோயிலில் பாட்டு முடிந்து, பாதிரியார், மணப்பெண்ணான மகளிடம் சம்மதம் கேட்டார். காலிங் கார்டில் காசு அந்த இடத்தில் தீர்ந்துபோனது. வேறு கார்டு வாங்க நான் படியில் ஓடினேன். திரும்பி வந்தபோதும் போன் அவர் காதிலேயே இருந்தது.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து அம்மாவிடம் சொன்னார்: "அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன் அக்கா. நான் சொன்னது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பார்த்தேன். தப்பில்ல." பிறகு அரிசி களையத் தொடங்கினார். பாஸ்போர்ட் வரவில்லை. படமும் விற்கவில்லை.

இறந்தவரை ஊருக்கு அனுப்பப் பாஸ்போர்ட் வேண்டுமாம். இத்தனை நாள் வெளியே வராதது ஒரே மதியத்தில் வந்துவிட்டது. இறந்தவருடையது என்பதால் துணைத் தூதரகத்தில் அதை ரத்து செய்து அப்பாவிடம் கொடுத்தார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மகளும், ஆன்ட்டி ஒருமுறைகூடப் பார்க்காத மருமகனும் காத்திருக்கிறார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, வேண்டிக்கொண்டே பார்த்தாலும் உள்ளதை மட்டும் பார்த்த அந்தக் கண்ணை. எனக்கு அது சுலபமாக வராது. பாஸ்போர்ட்டை வாங்கி, ரத்து முத்திரையை அவருடைய லென்ஸ் வழியாகப் பார்த்தேன். போலியாக இருக்கட்டும் என்றுதான் பார்த்தேன். அசல்.