கலைக்கு இன்னும் நாலு வருஷம்

"சவாத்தீ கா" என்று கைகூப்பிவிட்டுத்தான் பாஞ்சாலை பூ வாங்குவார். தாய்லாந்தில் வணக்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். பூக்காரிக்கு அது வேறு விதமாகக் காதில் விழும். "எத்தினி வாட்டி சொல்றது, நா சாவித்திரி இல்லம்மா, ரேணுகாதேவி" என்று அலுத்துக்கொண்டே இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு அறுத்துக் கொடுப்பாள்.

பாஞ்சாலைக்கு வயது ஐம்பத்துமூன்று. தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த பெண். நர்சிங் படித்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனார். தம்பியின் படிப்பு, தங்கைகளின் கல்யாணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தன. அவருடைய கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும், "கலாஸ்" என்று அரபியில் முடித்துவிடுவார். இன்றைக்கும் படுக்கை விரிப்பை ஆஸ்பத்திரிக் கட்டில்போல மூலை மடித்துச் செருகாமல் படுப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காரத் தெரியாது. யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல நுனியில்தான் உட்காருவார்.

மஸ்கட்டில் அவருடன் ஒரே அறையில் தங்கி, ஒரே வார்டில் வேலை பார்த்தவர் கலைமகள். ஆரணிப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண், ஏழு வயது இளையவர். பாஞ்சாலைக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஊருக்கு அனுப்பியபோது, யாரும் சொல்லாமலே கலைமகளும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கூட வந்தார். இப்போது ஆரணியில், விசைத்தறிக் கூடம் ஒன்றின் மாடியில் இருவரும் குடியிருக்கிறார்கள். பகலெல்லாம் தரை அதிரும்.

அந்தச் சத்தம் பழகிவிட்டது. மனிதர்களுடைய கேள்விகள்தான் பழகவில்லை. "யாருக்காக இப்டி சம்பாரிச்சீங்க?" என்பார்கள். கல்யாண வீட்டில் மணமேடைப் பக்கம் கூப்பிட மாட்டார்கள், பெரியவர்களுக்கு பிரஷர் பார்க்கக் கூப்பிடுவார்கள். பாஞ்சாலையும் கருவியோடு போவார்.

மஸ்கட்டில் இருந்தபோது ஒரு விடுமுறையில் இருவரும் தாய்லாந்தில் சியாங் மாய் போயிருந்தார்கள். மலையடிவார ஊர். "நூடுல்ஸ் விக்கறவ மொளகா வேணுமான்னு மட்டும்தான் கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. அங்கியே இருந்துட்டா இன்னான்னு தோணுச்சு" என்பார் பாஞ்சாலை. அந்த நினைப்பு விடவில்லை. சென்னையில் ஜெயக்குமார் என்ற விசா ஏஜென்டைப் பிடித்தார்கள்.

போன வாரம் ஜெயக்குமார் போனில் பேசியதை இருவரும் ஸ்பீக்கரில் கேட்டார்கள்.

"ரிட்டயர்மென்ட் விசாவுக்கு அம்பது வயசு ஆயிருக்கணும் மேடம். நீங்க ஓகே. கலைமகள் மேடத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"என்கூட வர்றவங்கன்னு சேத்துக்க முடியாதுங்களா?"

"புருஷன், பொண்டாட்டின்னா சேக்கலாம். நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு மேடம்?"

பாஞ்சாலை சற்று யோசித்தார். "ஒண்ணா இருக்கறவங்க" என்றார்.

"அதுக்கு ரூல் இல்லைங்களே."

அன்றிலிருந்து கலைமகள் ஒரே பிடியாக நின்றார். "நீ முன்னால போக்கா. நா வயசு வந்ததும் வந்து சேந்துக்கறேன்."

"தனியா போயி அங்க இன்னா பண்ணுவேன்? செவுத்தப் பாத்துகினு குந்தியிருக்கவா?"

நேற்று மின்சார வாரியத்தின் மாதாந்தர நிறுத்தம். கீழே தறிகள் நின்று, வீடு முழுக்க அமைதியாக இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த கலைமகளின் முன்னாலேயே பாஞ்சாலை ஜெயக்குமாரைக் கூப்பிட்டார்.

"என் ஃபைல இப்ப போடாம எடுத்து வச்சிடுங்க. நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஒண்ணா போடலாம்."

"அதுக்குள்ள ரூல் மாறிட்டா மேடம்?"

"மாறினா மாறட்டுங்க."

கலைமகள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டார். "ரூல வுடு. உனக்கு ஒண்ணு ஆயிட்டா? அந்த ஊர மறுபடி பாக்காமயே நீ போயிட்டா? என்னாலதான அக்கா இங்க கெடந்தான்னு ஆயுசுக்கும் நெனச்சிகினு கெடக்கணுமா நானு?"

பாஞ்சாலை பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் இடது கையைத் திருப்பிக் கலைமகளின் மடிமேல் வைத்தார்.

"எண்ணு" என்றார்.

கலைமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மணிக்கட்டில் மூன்று விரலை அழுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.