சிவந்தால் உனக்கென்ன

கண்ணாடிக் கடையில் அவளைத் தக்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கில் ஃபிரேமைப் பொருத்தி, அதன் காலைச் சூடுகாட்டிக் காதுக்கு வாகாக வளைத்துக் கொடுக்கிற வேலை. வந்தவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். "நல்லா இருக்கும்மா" என்று ஒரு கிழவர் சொன்னாலே போதும், கழுத்திலிருந்து காது வரை குப்பென்று சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தான். யாரோ ஒருவன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் முகம் சிவந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான், "யாரு அவன்?"

"கஸ்டமருங்க."

"கஸ்டமரைப் பாத்தா மூஞ்சி அப்படிச் சிவக்குமா?"

அன்றிலிருந்து தினமும் விசாரணை. அந்தப் பயத்திலேயே இன்னும் சிவந்தது. சிவப்பை மறைக்கும் பச்சை நிறக் கிரீமைப் பூசினாள்; மத்தியானத்துக்குள் வியர்த்து, காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஆனது. படபடப்பைக் குறைக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். ஏற்கெனவே குறைவாக இருந்த ரத்த அழுத்தம் இன்னும் இறங்கி, கடையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதையும் நிறுத்தியாயிற்று.

கணவன் போனில் தேடி ஆபரேஷன் ஒன்றைக் கண்டுபிடித்தான். பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

"நெஞ்சுக்குள்ள ஒரு நரம்பைத் துண்டிக்கணும்," என்றார் அவர். "சிவக்கிறது குறையலாம். ஆனா முதுகும் வயிறும் வேர்த்துக் கொட்டலாம், நிறைய பேருக்கு அப்படி ஆகுது. வெட்டினா வெட்டினதுதான். முதல்ல மனநல ஆலோசகர்கிட்ட போய்ப் பாருங்க."

"பரவாயில்ல சார், வெட்டிடுங்க," என்றான் அவன்.

அவள் எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றவள் அன்றைக்கு 'டா'வுக்கு இறங்கினாள்.

"யார் நரம்பை யாருடா வெட்டச் சொல்றது?"

"பாருங்க சார், மறுபடியும் சிவக்குது!"

"இது கோபம். நல்லாப் பாத்துக்கோ. உன் சந்தேகத்துக்கு என் நெஞ்சைக் கிழிக்கணுமா?"

"அவங்க சம்மதிக்காம நான் தொட மாட்டேன்," என்று டாக்டர் ஃபைலை மூடினார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன்டி," என்றாள் அக்கா.

"எதை? நரம்பையா?"

அக்கா கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போனாள்.

ஆலோசகரிடம் அவள் தனியாகவே போய்வந்தாள். மறைக்க மறைக்கத்தான் ஏறும், முந்திக்கொண்டு சொல்லிவிடு என்றார் அந்த அம்மாள். கடையில் முதல் தடவை பாதிதான் சொன்னாள். பிறகு பழகிவிட்டது: "என் முகம் சிவக்கும் சார், அதை விடுங்க, தலையை ஆட்டாம இருங்க." சிவப்பு வரத்தான் செய்தது. ஆனால் சீக்கிரம் இறங்கியது.

கணவன் ஒருநாள் கடைக்கு வந்து நின்றான். "போதும், வீட்டுக்கு வா."

"நீயும் ஒரு டாக்டரைப் பாத்துட்டு வா, பேசுவோம்."

"எனக்கென்னடி வியாதி?" என்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் போனான். அவள் அடுத்த கஸ்டமரை உட்காரச் சொன்னாள்.