பெரிய குளத்துக் கட்லா

சங்கராபுரத்துக்கு மேற்கே லாரன்சும் தெரசாவும் குளம் வெட்டி கட்லா வளர்த்தார்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி. மீன்கள் பிழைத்துக் கிடந்தனவே தவிர, சதை பிடிக்கவில்லை. போன ஆடியில் லாரன்ஸ், கடையில் மூட்டையாக விற்கும் மிதவைத் தீவனத்துக்கு மாறினான். அடுத்த வாரமே, வலையைச் சரிசெய்யக் குளத்தில் இறங்கியவனின் காலில் அந்த வலையே சுற்றிக்கொண்டது. மறுநாள்தான் உடல் மிதந்தது.

"மொகத்த பாக்க வாணாம்மா" என்று தெரசாவைத் தடுத்துவிட்டார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

லாரன்சின் தம்பி ராயப்பன் தீவனத்தை நிறுத்தாமல் போட்டு வந்தான். மார்கழிக்குள் மீன்கள் முன்பு ஒருபோதும் இல்லாத அளவு பெருத்துவிட்டன. விலை பேசக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த செந்தமிழ்ச்செல்வி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"யம்மா, இன்னா கனம்! இன்னாத்த தின்னுச்சிங்களோ!"

வியாபாரி சும்மா சொன்னதுதான். தெரசா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மீனும் விற்கவில்லை.

சில நாள் கழித்து ராயப்பனைக் கேட்டாள்.

"அதுங்க எத தின்னு வளந்துச்சிங்க ராயப்பா?"

"தீனிதான் அண்ணி. தவுட்டுல சத்து கம்மி. இதுல ஜாஸ்தி."

"நீ பாத்தியா?"

ராயப்பன் தீவன மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளத்துப் பக்கம் போனான்.

வீட்டுக்குப் பின்னால் வறண்டு கிடந்த குட்டையில் தெரசா தண்ணீர் நிரப்பினாள். நடுவே வலை கட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவுக் குஞ்சுகளை விட்டாள். ஒரு பக்கம் தவிடும் புண்ணாக்கும், மறுபக்கம் மிதவைத் தீவனம். காலையும் மாலையும் அவளேதான் போட்டாள்.

கோடை முடிந்து பிடித்தபோது தவிட்டுப் பக்கத்து மீன்களுக்குத் தலைதான் பெரிதாக இருந்தது. உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. மறுபக்கத்து மீன்கள் முதுகு தடித்து, பெரிய குளத்து மீன்களைப் போலவே இருந்தன. கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்த தெரசா, லாரன்ஸ் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

"தீனிதான்டா ராயப்பா. தீனிதான்."

அன்று மீன்குழம்பு வைத்தாள். ராயப்பனுக்குப் பரிமாறிவிட்டு, தான் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

"பெரிய கொளத்தையும் புடிச்சிடலாமா அண்ணி?"

"வாணாம்."

இன்றும் அந்தக் குளத்துக்கு அவள்தான் தீவனம் கொண்டுபோகிறாள். காலடி கேட்டதும் கட்லாக்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகின்றன. ஒருநாள் மோட்டார் போட வந்த ராயப்பன், அவள் தண்ணீரைப் பார்த்து, அண்ணனுக்குச் சோறு போடும்போது சொல்வதைப் போலவே மெதுவாகச் சொல்வதைக் கேட்டான்.

"சாப்புடுங்க."

மோட்டாரைப் போடாமலே அவன் திரும்பிப் போனான்.