ஸ்டெல்லா அக்கா மடக்கிப் பார்த்த வார்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே பெருங்களத்தூர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. சாரட் வண்டி ஓட்டும் பாபு அண்ணன். பேருந்துகளின் ஹாரனில் முதலில் எதுவும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"தம்பி, அக்கா பூட்டாங்கோ."

"எந்த அக்கா?"

"நம்ம ஸ்டெல்லா அக்கா. காலைல சர்ச்சுக்குக் கெளம்ப சொல்லோ தல வலிக்குதுன்னு குந்தினாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சி பூட்ச்சாம். நீ எங்க கீற? ஊருக்கா போய்கினு கீற? திரும்பு."

திரும்பினேன். தாம்பரத்தில் அவர் வீட்டு வாசலில், வாடகை நாற்காலிகளில், தோல் தொழிலில் இருக்கும் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல டெஸ்டர்தான். அந்த ஒரு வார்ல கோட்டை விட்டுட்டாங்க, பாவம்." மற்றவர் தலையாட்டினார்.

ஸ்டெல்லா அக்காவை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பலர் அதே பேச்சைக் கேட்டிருப்பீர்கள், நம்பியும் இருப்பீர்கள். அது பொய். தவறு அவருடையது அல்ல. மூன்று வருடம் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போதும் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் ஒரே மேசையின் இரு பக்கத்தில் வேலை பார்த்தோம். ஷூ, பெல்ட், பை என்று வரும் மாதிரிகளைப் பதிவு செய்து படிவம் நிரப்புவது என் வேலை. அவற்றை எந்திரத்தில் மாட்டி அறுந்துபோகும்வரை இழுத்து, முடிவெழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. சேர்ந்த புதிதில் மேடவாக்கத்தில் வாடகைக்கு அறை கேட்டுப் போனேன். வேலை என்னவென்று கேட்ட வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "தோலா? செத்த மாட்டுத் தோலா? அப்ப டெய்லி வெளிய பாத்ரூம்ல குளிச்சிட்டுதான் உள்ள வரணும் தம்பி." இதைச் சொன்னவர் இடுப்பில் நல்ல தோல் பெல்ட் கட்டியிருந்தார். மறுநாள் கொதித்துப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அந்த பெல்ட்ட ஒரு நாள் கழட்டிக் கொண்டு வா கதிர். மிஷின்ல மாட்டிடலாம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "என்னை எங்க சர்ச்லயே ஒரு அம்மா கேட்டாங்க. டீச்சர் வேலை எதுவும் கிடைக்கலியாம்மான்னு. எத்தனை வருஷமா கேக்கறாங்க தெரியுமா?" என்றார். வேறு வேலை கிடைக்காமல் இதைச் செய்தவர் இல்லை அவர். விரும்பிச் செய்தார். ஒரு துண்டுத் தோலை மூக்கருகே கொண்டுபோய், எண்ணெய் போதாது என்பார். எந்திரம் பிறகு அதையே சொல்லும்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் குதிரைச் சேணம் செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் கேட்பவர்கள் இந்தப் பக்கம் பெருகிவிட்டார்கள். ஆனால் குதிரையை வண்டியில் பூட்டும் தோல் வார்கள் ஒரு முகூர்த்த சீசனைத் தாண்டவில்லை. குதிரை வியர்வையின் உப்பு தோலுக்குள் இறங்குகிறது. வண்டிக்காரர்கள் சோப்புத் தூள் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கிறார்கள். பக்கிள் ஓட்டையிலிருந்து கீறல் கிளம்பி வார் அறுகிறது. ஐந்து வருடம் உழைக்கிற மாதிரி செய்ய வழி சொல்லுங்கள் என்றார்கள்.

அக்கா மேசையில் உட்கார்ந்து யோசனை எழுதி அனுப்பவில்லை. குதிரைக் கொட்டகைகளுக்குப் போனார். வியர்வையில் ஊறிய பழைய வார்களை வாங்கி வந்து அறுத்துப் பார்த்தார். ஓட்டை வட்டமாக வேண்டாம், நீள்வட்டமாகப் போடுங்கள், கீறல் கிளம்பாது என்றார். பருத்தி நூல் உப்பில் மக்குகிறது, மாற்றச் சொன்னார். வெட்டிய ஓரங்களுக்கு மெழுகு, உள்ளே கொழுப்பும் மீன் எண்ணெயும் என்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொன்னார்: இழுவை தாங்கும் வார்களை மாட்டின் முதுகுத் தோலில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் தளர்ந்தது. வாங்க மலிவு, அறுக்கவும் சுலபம்.

எங்கள் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: 'வெட்டப்பட்ட பகுதி'. சரக்கு வெட்டும் இடத்துக்கு எங்கள் ஆள் போய், கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டும். கம்பெனி தன்னிடம் இருப்பதிலேயே நல்ல துண்டைத்தான் மாதிரியாக அனுப்பும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா சொன்னபடி செய்த வார்களுக்கான படிவம் காலிக் கட்டத்தோடு என் மேசைக்கு வந்தது. கூடுவாஞ்சேரிக்குப் போய்வர அரை நாள் ஆகும். நான் போகவில்லை. கம்பெனிக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். "முதுகுதான் தம்பி, போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டேன். அக்கா, நான் நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இதுதான் அந்தக் கோட்டை. விட்டவன் நான்.

நான்காம் மாதம் பாபு அண்ணன் முதல்முறையாக எங்கள் கூடத்துக்கு வந்தார். இடது கை துணித் தொட்டிலில் தொங்கியது. வலது கையில் ரேஷன் பை. பையை மேசைமேல் கவிழ்த்தார். தங்க நிறத்தில் அறுந்த வார் ஒன்று விழுந்தது. அதில் எங்கள் கூடத்தின் சோதனைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், இது உங்க சீட்டுதானே? அஞ்சு வர்சம்னு போட்டுக்கீது. அஞ்சு மாசம் தாங்கல."

குதிரையின் பின்தொடையைச் சுற்றி வரும் வார் அது. இறக்கத்தில் வண்டி குதிரைமேல் ஏறாமல் பிடித்துக்கொள்வது அது ஒன்றுதான். மாப்பிள்ளையோடு பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது அறுந்திருக்கிறது. வண்டி அவர் குதிரை ராணியின் பின்னங்காலில் மோத, ராணி மிரண்டு ஓடியிருக்கிறது. பாபு அண்ணனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ராணிக்குத் தொடைத் தோல் பிய்ந்தது. மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. சிராய்ப்புக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தோள் முறிந்தவர் ஷேர் ஆட்டோவில் போனார். அன்று மாலையே மாப்பிள்ளையின் அப்பா காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார்: வண்டிக்காரன் குடித்திருந்தான்.

"நீங்க குடிச்சிருந்தீங்களா?" என்று அக்கா நேராகக் கேட்டார்.

"குடிப்பேன் மேடம், மறைக்கல. ஆனா வண்டில ஏறனா தொட மாட்டேன். மெய்யாலுமே. இதச் சொன்னா ஸ்டேசன்ல சிரிக்கறாங்கோ. குதிரக்காரன் குடிக்காம இருப்பானான்னு. கேஸ் போட்டுட்டா என்ன எந்த மண்டபத்துலயும் உள்ள வுட மாட்டான். அப்பால ராணிக்கு இன்னாத்தப் போட்றது?"

அக்கா பிளேடை எடுத்து வாரின் தங்கப் பூச்சைச் சுரண்டினார். பெயிண்ட். கம்பெனியே அடித்து அனுப்பியது. பூச்சு போன இடத்தில் மேல்புறம் உள்பக்கமாக வருமாறு வாரை மடக்கி, கட்டைவிரலால் அழுத்தினார். கிழவியின் கழுத்துப் போலத் தோல் பெரிய பெரிய சுருக்கமாக எழும்பியது. முதுகுத் தோல் அப்படிச் சுருங்காது.

"வயிறு" என்றார்.

பெயிண்ட் சுருக்கத்தை மறைத்திருக்கிறது. போதாததற்கு எண்ணெய் உள்ளே இறங்கவும் விடவில்லை. அக்கா அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்தார். கட்டத்தைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீ போனியா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவ்வளவுதான் பேசினோம்.

முதலாளி மதியமே அவரை அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"அது குடிகாரன் கேஸ்ம்மா. நமக்கு எதுக்கு பேஜார்?"

"குடிச்சிருந்தாலும் இல்லாட்டியும் அந்த வார் அறுந்திருக்கும் சார்."

"மாத்தி ரிப்போர்ட் குடுத்தா எவன் நம்மகிட்ட சாம்பிள் அனுப்புவான்?"

"வேலைய ஒழுங்கா செய்யறவன் அனுப்புவான்."

"அப்படி எத்தனை பேரும்மா இருக்கான்?" என்றார் முதலாளி. அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

பாபு அண்ணனிடம் அதே செட்டில் அறுபடாத வார்கள் மிச்சமிருந்தன. அக்கா அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து, பிறகு எந்திரத்தில் மாட்டினார். பத்து நாட்கள் அது நடந்தது. காவல் நிலையத்திலிருந்து பாபு அண்ணனைத் தினமும் கூப்பிட்டு வெளியே உட்காரவைத்தார்கள். கூடத்தில் நானும் அக்காவும் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடைசி வார் அறுந்த சத்தம் குச்சி ஒடிவதுபோல இருந்தது. அன்றே தன் பழைய சான்றிதழை ரத்து செய்து, புதிய அறிக்கை எழுதினார். அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: 'வெட்டப்பட்ட பகுதி நேரில் சரிபார்க்கப்படவில்லை. அதற்கான பொறுப்பு என்னுடையது.'

படிக்கட்டில் அவரை மறித்தேன். "அக்கா, எழுதினது நான். என் பேரைப் போடுங்க."

"நீ எழுதின. நான் கையெழுத்து போட்டேன். கையெழுத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். வழிய விடு, ஸ்டேஷன்ல அந்த ஆள் உட்கார்ந்திருக்காரு."

அவர் விரும்பாவிட்டாலும் நான் அன்றே முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். போனது அவருடைய வேலை. பாபு அண்ணன் மீது வழக்குப் போடவில்லை. கம்பெனி யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் பழைய வார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு எந்தப் பரிசோதனைக் கூடமும் அக்காவைச் சேர்க்கவில்லை. கேட்டால் சொல்ல அவர்களிடம் ஒரு வரி இருந்தது: அந்த வார்ல கோட்டை விட்டவங்க.

அவர் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும், சர்ச்சுக்குப் போன அதே சேலையோடு கொட்டகைகளுக்குப் போனார். வண்டிக்காரர்களுக்கு வாரை மடக்கிப் பார்க்கக் காட்டினார். வாங்கும் முன் மடக்கு, சுருங்கினால் திருப்பிக் கொடு. சோப்புத் தூளைத் தூக்கிப்போடு. நிழலில் காயவை. பெயிண்ட் அடிக்காதே என்றபோதுதான் எல்லோரும் முறைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, பார்ட்டி கோல்டு கேக்கறான். பழுப்பு வாரப் பாத்தா மாட்டு வண்டியான்றான். அட்வான்ஸ் தர மாட்டான்" என்றார் பாபு அண்ணன்.

"அவனுக்கு வார் தெரியக் கூடாது. நமக்குத் தெரியணும். அவ்வளவுதானே?"

அடுத்த வாரம் ஜரிகைத் துணியில் உறைகள் தைத்துக் கொண்டுவந்தார். வாரின்மேல் சுற்றிக் கட்டினால் தங்கம். பிரித்தால் தோல். ஊர்வலம் முடிந்ததும் உறையைக் கழற்றி, வாரைத் துடைத்து, எண்ணெய் தடவி, மடக்கிப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை இன்று ஓடும் பல சாரட்டுகளில் அந்த உறைதான் இருக்கிறது. பாபு அண்ணனின் வார்கள் மூன்றாவது சீசனைத் தாண்டிவிட்டன.

அடக்கத்தன்று பாபு அண்ணன் சாரட்டோடு வந்து தெரு முனையில் நின்றார். மாப்பிள்ளை நாற்காலியைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருந்தார். அக்காவின் தம்பி தயங்கினார். "கல்யாண வண்டியாச்சே அண்ணா."

"வேற இன்னா வண்டி என்கிட்ட கீது சொல்லு."

கல்லறைத் தோட்டத்துக்குப் போக ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். இறக்கம். எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. பெட்டியை ஏற்றப்போனவர்களை நிற்கச் சொன்னேன். ஒவ்வோர் உறையாகப் பிரித்து ஒவ்வொரு வாரையும் மடக்கிப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இதெல்லாம் தேவையா?" என்று யாரோ கேட்டார்கள். பின்தொடை வாரில், பக்கிளுக்குப் பக்கத்தில், என் கட்டைவிரலுக்குக் கீழே சுருக்கம் எழும்பியது.

பாபு அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கு. "போன வாரம்தான் மாத்தினேன் தம்பி. அவசரத்துல மடக்கிப் பாக்கல. அக்கா இருந்தா இன்னேரம் என்ன ரோடு ரோடா வெரட்டி இருப்பாங்கோ." பக்கத்துக் கொட்டகையிலிருந்து வேறு வார் வரும்வரை எல்லோரையும் வெயிலில் காக்கவைத்தோம். காபி குடித்துக்கொண்டிருந்த அந்த இருவரும் காத்திருந்தார்கள். பிறகு மேம்பாலத்தின் உச்சியிலிருந்து வண்டி இறங்கியபோது, பின்தொடை வார் விறைத்து, வண்டியின் பாரத்தையும் அக்காவின் பாரத்தையும் பிடித்துக்கொண்டது. நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழக்கூட இல்லை.

நேற்று அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். 'வெட்டப்பட்ட பகுதி' கட்டத்தில் நான் எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில், 'நேரில் பார்க்காமல் எழுதியவன்' என்று குறித்து என் பெயரைப் போட்டு, முதலாளி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை என் மேசை என்னுடையது. அதன்மேல் இன்று கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு புது மாதிரி வந்திருக்கிறது, கட்டம் காலியாக. தொலைபேசியில் கேட்டால் முதுகு என்றுதான் சொல்வார்கள். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கூடுவாஞ்சேரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். போய், கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.