பக்கத்தில் யார் இருந்தார்கள்

யூரானின் மேஜைக்கு வராத முழங்கால் தென்கொரியாவின் தென்கோடியில் குறைவு. சுற்றுப்பட்ட ஆஸ்பத்திரிகள் மூட்டு நோயாளிகளின் எக்ஸ்ரேக்களையும், பூஜ்யம் முதல் பத்துக்குள் அவர்கள் சொன்ன வலிக் கணக்கையும் ஒரே பொதுத் தகவல் கிடங்கில் கொட்டின. ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் கேள்வியோடு வருவார்கள். யூரான் கணக்குப் போட்டு, பதில் தேறினால் கையெழுத்துப் போடுவாள். லேசில் போடமாட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவளை வடிகட்டி என்றுதான் சொல்வார்கள்.

டாக்டர் தோவின் புது ஊசி மருந்துக்கு மட்டும் மளமளவென்று போட்டுவிட்டாள். வசந்த காலத்தில் ஏழு, எட்டு என்று முனகிய கிராமத்துப் பெண்கள், ஊசி போட்ட பிறகு இலையுதிர் காலத்தில் ஒன்று, இரண்டு என்றார்கள். அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. தன் அம்மாவின் முழங்காலும் மனக்கண்ணில் வந்து போயிருக்கும்.

அடுத்த வருஷம் சூசோக் என்கிற அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போனாள். அந்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைகளின் கார்கள் வரிசை கட்டி நிற்கும். வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அம்மாவின் காலைக் காட்ட அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. யூரானும் அதில் ஒருத்தி. அம்மா காரிலிருந்து இறங்கவே பல்லைக் கடித்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "ஒண்ணு போட்டுக்கோங்க. அதுகூட மழை பெஞ்சாதான்" என்றாள்.

காரில் ஏறியதும் யூரான் பிடித்துக்கொண்டாள். "ராத்திரியெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு முனகினது யாரும்மா? பக்கத்து வீட்டுக்காரியா?"

"எட்டுன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா? வயலை வித்துட்டு உன் பதினாலாவது மாடியில கொண்டுபோய் வைப்ப. நான் அங்க சன்னல் துடைச்சிக்கிட்டுக் கிடக்கணும். இது பூண்டு நடுற நேரம்டி. உன் நம்பரை நீயே வச்சுக்கோ."

யூரானுக்கு வலித்தது அம்மாவின் பொய் அல்ல. அம்மா பயப்படுவது தன்னைப் பார்த்துத்தான் என்பது வலித்தது.

வேலைக்குத் திரும்பியவள் தேதிகளைப் பார்த்தாள். முதல் தடவை அந்தப் பெண்கள் பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார்கள். இரண்டாம் தடவை முக்கால்வாசிப் பேர் வந்தது முந்தின வருஷச் சூசோக் வாரத்தில், துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் மகன் அல்லது மகள் கையெழுத்தோடு. இரண்டு தடவையும் தனியாக வந்தவர்களை மட்டும் பிரித்துக் கணக்குப் போட்டாள். அவர்களுக்கு வலி துளியும் குறையவில்லை.

அந்தக் கணக்கைப் பார்த்த டாக்டர் தோ கேட்டார். "மேடம், கையெழுத்து போட்டது நீங்கதானே?"

"நான்தான். அதான் நானே திரும்ப எடுக்கறேன்."

"இதை நம்பித்தான் ஊர் ஊரா ஊசி போடப்போறாங்க."

"அதுக்காகத்தான் டாக்டர் எடுக்கறேன். போட்டும் வலிச்சா அவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. எங்கம்மா சொல்லல."

அவர் கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "எங்கம்மாவும் போன வாரம் பூஜ்யம்னாங்க" என்றார். வலியைக் கேட்கும்போது பிள்ளைகள் வெளியே நிற்கவேண்டும் என்று இருவருமாகச் சேர்ந்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதினார்கள். அந்தப் பெண்களை மறுபடி கேட்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த கோடையின் தொடக்கத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நர்ஸ் யூரானை வெளியே அனுப்பிவிட்டாள். தான் எழுதிய விதி, முணுமுணுக்க முடியுமா? கதவு சாத்தியிருந்தது. ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம், ரகசியத்தையும் ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வாள்.

"ஒம்பது" என்றாள் அம்மா. "பூண்டு பிடுங்கற அன்னைக்குப் பத்து. எம்பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா."

யூரான் ஒன்பதுகளைப் பார்த்தே பிழைக்கிறவள். ஆனாலும் அந்த ஒன்பதைக் கேட்டது தெரியக்கூடாதென்று கதவை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

அம்மா வெளியே வந்தாள். "ஒண்ணுன்னு சொல்லிட்டேன். போலாமா?"

வயல், பதினாலாவது மாடி எல்லாம் யூரானின் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டாள். "நல்லதும்மா. இந்த வருஷம் லீவு போட்டுட்டு பூண்டு பிடுங்க நானும் வர்றேன். நீ வரப்புல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே கட்டு கட்டினா போதும்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாற்காலியிலயே உக்காந்து பழகின உடம்பு. குனிஞ்சு நிமிர்ந்தா இடுப்பு விட்டுப்போயிடும்டி."

"எனக்கு ஒண்ணும் வலிக்காதும்மா" என்றாள் யூரான்.