குப்பை ஃபோல்டரில் கிடந்த ஆல்பம்

"அண்ணே, ஸ்டோர் சத்தம் எங்கண்ணே?"

அன்வர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இப்படிக் கேட்டபோது நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் உழைப்பு.

"அத அம்புட்டையும் எடுத்துட்டேன்யா. வாய்ஸ் பளிச்சுன்னு இருக்குல்ல?"

அவன் ஹெட்போனை என்னிடமே நீட்டினான். மிக்ஸர் முன்னால் உட்காரப்போகிற தம்பிகளுக்காக, நான் எங்கே தப்பு செய்தேன் என்று எழுதுகிறேன்.

1. அவசரத்தில் ஒரு ஹிட்

பழனிசெட்டிபட்டியில் என் ஸ்டுடியோ. கல்யாண ஆர்டர், பக்திப் பாட்டு, விழாக்களுக்கு மைக்செட். எதை ரெக்கார்ட் செய்தாலும் ஃபேன் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், கரண்ட் ஹம் எல்லாவற்றையும் துடைத்துத்தான் கொடுப்பேன். அதில்தான் எனக்குப் பேர்.

உத்தமபாளையம் அன்வர் பாட்டும் கிட்டாரும், போடி ஜெபராஜ் பேஸ், கோம்பை முத்துமாரி டிரம்ஸ். மூன்று பேரும் பங்க் ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். கிட்டாரில் மூன்றே கார்ட்ஸ், இரண்டு நிமிஷம், தொண்டை கிழியக் கத்தல். ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டை என்னிடம் எடுத்தார்கள். அன்றைக்கு எனக்குச் சின்னமனூரில் முகூர்த்த ஆர்டர். ரெக்கார்டிங் லெவல் அளவு மீறிச் சிவப்பில் ஏறி இரைந்தது. துடைக்க நேரமில்லை, அப்படியே கொடுத்தனுப்பினேன்.

ஒரே வாரத்தில் எல்லார் போனிலும் அந்தப் பாட்டு. "அந்த ரா சவுண்ட் எப்படி சார் பிடிச்சீங்க?" என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். அனுபவம் என்றேன்.

2. இந்தத் தடவை உருப்படியாக

பாட்டுகளை வெளியிடும் சென்னை கம்பெனி ஒன்று அதே மாதிரி இன்னும் பாட்டுகள் கேட்டது. "ஒரே பஸ்ஸ எத்தன தடவண்ணே வையிறது?" என்றாள் முத்துமாரி. மேகமலையில் ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடமான ஸ்டோரின் உறுமல் ஆல்பம் முழுக்க ஓட வேண்டும், அதன்மேல் கத்தாமல் முணுமுணுக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். கம்பெனி மேனேஜர் ஒரு தேதி சொன்னார். அதற்குள் ஆல்பத்தின் மாஸ்டர் காப்பி வராவிட்டால், பஸ் பாட்டையே நாலு விதமாக ரீமிக்ஸ் செய்து வெளியிட்டுவிடுவார்களாம்.

சென்னையில் பெரிய ஸ்டுடியோ கிடைத்தும் என்னைத் தேடி வந்தார்கள். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இந்தத் தடவையாவது அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜீப்பில் மேலே போனோம். அந்த சீசனின் கடைசி ஏலக்காய் எடுப்பு. ஸ்டோர் உறும, பக்கத்தில் நின்று அன்வர் ஆறு பாட்டையும் பாடினான். கீழே வந்து உறுமலைத் துடைத்தேன். அதே ஃபைல் மேல் சேவ் செய்தேன். மறுநாள் கல்யாணத்துக்கு வேண்டுமென்று மெமரி கார்டையும் ஃபார்மட் அடித்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான்.

ஹெட்போனைக் கழற்றிய அன்வரிடம், "மறுபடி போயி எடுத்துருவோம்" என்றேன்.

"ஸ்டோர அணைச்சுட்டாகண்ணே. இனி அடுத்த எடுப்புக்குத்தேன். நாங்க காலம் பூரா பஸ்ஸுப் பாட்டுத்தேன்" என்றான் அன்வர். அவன் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கத்தில் வேர்த்துவிட்டது.

3. குப்பை

"எடுத்த சத்தம் எங்கண்ணே போச்சு?" என்று கேட்டாள் முத்துமாரி.

விவரமில்லாத கேள்வி என்றுதான் நினைத்தேன். பிறகு உறைத்தது. சத்தத்தைத் துடைக்க, பாட்டு இல்லாத இடத்தில் எட்டு செகண்ட் வெறும் இரைச்சலை வெட்டி சாஃப்ட்வேருக்குக் காட்ட வேண்டும். அதே மண்டபத்துக்கு மறுபடி போனால் உதவுமே என்று அந்தத் துண்டுகளை நான் அழிப்பதில்லை. 'குப்பை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பேன்.

திறந்தேன். ஸ்டோர் இருந்தது, எட்டு செகண்ட். கூடவே கம்பம் மண்டபத்து ஜெனரேட்டர், சர்ச் ஃபேன், தகரக் கொட்டகை மழை என்று இருபது வருஷத்து இரைச்சல்.

"இத ஏண்ணே இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்தீக?" என்றான் ஜெபராஜ்.

நாலே நாளில் எட்டு செகண்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, மற்ற குப்பைகளையும் கோத்து ஆல்பத்தை முடித்தார்கள். "நாய்ஸ் நிறைய இருக்கே சார், கொஞ்சம் க்ளீன் பண்ணுங்க" என்றார் மேனேஜர். பாடினவர்கள் வேண்டாமென்கிறார்கள் என்றேன். முனகிக்கொண்டே வெளியிட்டார்.

4. மேடையில்

தேனியில் விழா. மைக்செட் நான்தான். கூட்டம் "பஸ்ஸு, பஸ்ஸு" என்று கத்திக்கொண்டிருந்தது. அன்வர் புதுப் பாட்டை ஆரம்பித்தான். ஸ்பீக்கர் பாக்ஸில் ஸ்டோர் உறுமியது. சனம் மொத்தமும் மேடையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

விழாக் கமிட்டிக்காரர் ஓடி வந்தார். "என்னண்ணே செட்டு உறுமுது? ஒயரப் பாருங்க, பேரு கெட்டுப்போகும்."

என் கை தன்னால் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடருக்குப் போனது. மேடையிலிருந்து அன்வர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

"செட்டு நல்லாத்தேன் இருக்கு. பாட்டே அதுதேன்."

அவர் நம்பவில்லை. அடுத்த வருஷம் வேறு செட் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டுதான். கார்டை அன்றைக்கே ஃபார்மட் அடிக்காதீர்கள். துடைக்குமுன் பாடினவனை ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி, இத்தனை வருஷத்தில் நான் செய்த நல்ல மிக்ஸிங் அன்றைக்குக் கை கட்டி உட்கார்ந்திருந்ததுதான். அதற்குத்தான் ஆர்டர் போனது.