மாந்தோப்பில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்கு ஜன்னல் கம்பி வாங்கப் போனவன், கம்பியை மறந்துவிட்டு ஒரு லாரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டுநர் நனைந்த தார்ப்பாயை வெயிலில் விரித்திருந்தார். மெழுகும் மண்ணெண்ணெயும் ஊறிப்போன கோதுமையும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியாவிட்டால் நஷ்டமில்லை. கோடை என்றால் மற்றவர்களுக்கு மாம்பழமோ மல்லிகையோ நினைவுக்கு வரும். எனக்கு இது.

ஒரு கோடையில் கஜாவும் நானும் அப்படியொரு தார்ப்பாயைக் கூடாரமாக்கிக்கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் ஸ்கூட்டரில் போனோம். கஜா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினான். எந்தச் சரக்கு எந்த வாசல் வழியாக, எந்த முத்திரையுடன் வெளியே போகலாம் என்று சொல்லும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். விம்கோ நகரில் இருவருக்கும் ஒரே தெரு. அவனுடைய சின்ன மகளுக்கு இழுப்பு. எண்ணூர்ப் பக்கமிருந்து ஆலைப் புகையோடு காற்று திரும்பினால் பிள்ளையின் நெஞ்சில் விசில் கேட்கும். ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊத்துக்கோட்டை தாண்டி அவன் மாமனாருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. குடும்பத்தோடு வந்து தோப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அவரும் அழைத்துக்கொண்டிருந்தார். மனைவி மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள். அங்கே தன்னால் இருக்க முடியுமா என்பதுதான் கஜாவுக்குத் தெரியவில்லை.

“மாமனார் வீட்டுலயே ரெண்டு நாள் தங்கிப் பாரேன்” என்றேன்.

“அவரு வூட்ல ஒருவேள சோறு துன்னுட்டா, அப்பால மாட்டேன்னு சொல்ல வாய் வருமா மாமு? வெளிய படுத்துப் பாத்துட்டுத்தான் பதிலு.”

இயற்கையை ரசிப்பதற்காகக் கூடாரம் அடிப்பவர்கள் உலகத்தில் உண்டாம். எங்கள் கூடாரம் மாமனார் வீட்டுச் சோற்றைத் தவிர்க்க அடித்தது.

நான் எதையும் முறைப்படி செய்பவன். ஆற்றோரம் தங்க அனுமதி கேட்டு இரண்டு பிரதிகளில் விண்ணப்பம் தயாரித்து எடுத்துப் போயிருந்தேன். பெரியபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் நிர்வாக அலுவலர் அதை முழுதும் படித்துவிட்டு, “படுத்துக்கிறதுக்கா சார்?” என்று கேட்டார். கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் நல்ல டீக்கடைக்கு வழி வரைந்து கொடுத்தார்.

ஆரணி ஆற்று மணலில் கஜா கூடாரத்தைக் கட்டிய அழகைச் சொல்ல வேண்டும். கப்பலில் சரக்கு கட்டுகிறவர்களுக்கு ஒரே அளவுதான்: துறைமுகத்தில் பத்தாம் எண் புயல் கூண்டு ஏற்றினாலும் அசையக்கூடாது. நாலு பக்கமும் இழுத்து, முடிச்சின் மேல் முடிச்சு போட்டு, அடி விளிம்பில் மணல் மூட்டை வைத்தான். அன்று இலைகூட அசையாத புழுக்கம். உள்ளே நாங்கள் இட்லிபோல வெந்தோம். அவிழ்க்கலாம் என்றால், அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவிழவில்லை.

புழுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சத்தமே இல்லாததை எப்படிப் பொறுப்பது? எங்கள் தெருவில் ஆலைச் சங்கு ஊதும், கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும், கப்பல் எங்கிருந்தோ உறுமும். அதற்குள்தான் நாங்கள் குறட்டை விட்டுப் பழகியவர்கள்.

“இன்னா மாமு, காது அடச்சிக்கினா மாரி கீது? யாரோ பக்கத்துல குந்திகினு மூச்ச அடக்கிகினு கீறா மாரியே கீது.”

விடியும்வரை இருவரும் தூங்கவில்லை. “ஒத்து வராது. போய் மாட்டேன்னு சொல்லிட்டு வூடு போயிக்கினே இருப்போம்” என்றான். எனக்கு உள்ளூரத் திருப்தி. அவன் போய்விட்டால் அந்தத் தெருவில் நான் வாய்விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது.

தோப்பில் மாமனார் அவன் முகத்தைப் பார்த்தார். “என்னா மாப்ள, கண்ணு செவந்து கெடக்குது? வூட்டுக்கு வா, ரெண்டு வாயி சாப்புடு.”

“இல்ல மாமா, வயிறு செரியில்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“இரு, மாங்கன்னுக்குத் தண்ணி வுட்டுட்டு வரேன்” என்று அவர் கொட்டகைக்குள் போய் ஆயில் இன்ஜினைச் சுற்றிவிட்டார். அது இருமி, கரும்புகை கக்கி, தடதடவென்று பிடித்துக்கொண்டது. தோப்பே அதிர்ந்தது. கஜா சொல்ல வந்ததை நிறுத்தினான். கொட்டகைச் சுவரில் சாய்ந்தான். கிழவர் திரும்பி வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.

எழுந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். “இது தெனைக்கும் ஓடுமா மாமா?”

“ஓடாம? தண்ணி பாய வேணாமா?”

“அப்போ சோத்தப் போடச் சொல்லு.”

நான் பக்கத்தில் இருந்த மாமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதில் ஆராய ஒன்றுமில்லை.

தார்ப்பாயை அங்கேயே விட்டுவிட்டு, நான் மட்டும் திரும்பினேன். அடுத்த மாதம் அவன் குடும்பம் போய்விட்டது. பிள்ளையின் இழுப்பு மெல்ல விட்டது. இப்போது அவளே ஒரு பிள்ளையை அதட்டுகிறாள். ஆயில் இன்ஜினைக் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். அது ஓடுகிறதா என்று குழாயைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சில மத்தியானங்களில் கஜா போன் செய்வான். “மாமு, போனை ஜன்னல்ல வையேன்.” வைப்பேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குறட்டை கேட்கும். அழைத்தவர்தான் துண்டிக்க வேண்டும் என்பது முறை, நான் துண்டிப்பதில்லை.

நேற்று பாதித் தூக்கத்தில் கேட்டான். “சங்கு இன்னும் ஊதல?”

ஆலையை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவனுக்கும் தெரியும்.

“ஊதும். நீ தூங்கு” என்றேன்.